கழற்றாத வெள்ளைக் கோட்

“இன்னாம்மா, குதிரைய கிட்டக்க பாத்துகீறியா?”

கூடுவாஞ்சேரி லாயத்தில் கல்யாண ஊர்வலக் குதிரைகளைப் பராமரிக்கும் காதர் அண்ணன் முதல் நாளே இப்படிக் கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான், கால்நடை மருத்துவர். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டேன்.

ராணி என்ற குதிரை நிலைகொள்ளாமல் காலை உதைத்துக்கொண்டே இருந்தது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் சொறிப்பூச்சி. தனியாகக் கட்டி, மருந்து போட்டேன். ஆனாலும் சில நாட்களில் இன்னும் இரண்டு குதிரைகள் உதைக்கத் தொடங்கின.

“காதர் அண்ணன் எல்லாக் குதிரையையும் ஒரே பிரஷ்ல தேய்க்கிறாரு சார்” என்று, அவர் தேய்ப்பதைப் பார்க்காமலே லாய முதலாளியிடம் சொன்னேன். அவர் அண்ணனை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்.

துணிப்பையைக் கட்டியபடி அண்ணன் சொன்னார்: “பிரஷ் தனித்தனியா தான் கீது டாக்டரம்மா. நீ தான் ராணிய கட்டிப் புடிச்சிட்டு அதே கோட்டோட மத்த குதிரைங்களாண்ட போற.”

ஒரு வாரமாக என் முன்கை அரித்துக்கொண்டிருந்தது. கொசுக்கடி என்று எனக்கே பொய் சொல்லியிருந்தேன். கோட்டைக் கழற்றினால் என்னை யாரும் டாக்டராக மதிக்கமாட்டார்கள் என்று பயந்தவள் நான்.

அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் கோட்டைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, முதலாளிக்குப் போன் செய்தேன். “தப்பு என்னோடது சார்.”