சொட்டை பதினேழு

எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்திருக்க வேண்டும். யாராலும் யூகிக்க முடியக் கூடாது. நீ மறக்கவும் கூடாது. இன்று வங்கியும் செல்போனும் ஏறக்குறைய இதையேதான் கொஞ்சம் மிரட்டலாகக் கேட்கின்றன. எனக்கு இந்த விதிகளைத் தொண்ணூறுகளின் நடுவிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த போல்ட், நட் கம்பெனியின் மேனேஜர்.

கம்பெனிக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கு ஏசி அறை, வெல்வெட் உறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்த என்னை அதற்குப் பூசாரியாக்கினார்கள். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம். "பாஸ்வேர்டை என்கிட்டகூட சொல்லக் கூடாது. கேட்டாலும் சொல்லாதே" என்றார் மேனேஜர். அவரே வலியக் கேட்டு வாங்கிய தலைவிதி என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

என் இருக்கைக்கு எதிரே கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் எப்போதும் குனிந்து கோப்பு பார்த்துக்கொண்டிருப்பார். இடது காதோரம் வளர்த்த முடியை உச்சந்தலை வழியாக வலது காதுவரை இழுத்து வாரியிருப்பார். அவர் அறை மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைக்க யாருக்கும் அனுமதியில்லை. வேலையில்லாத ஒரு மத்தியானம் அந்த முடிகளை எண்ணினேன். பதினேழு. தவறு நேர்ந்துவிடக் கூடாதே என்று இன்னொரு முறையும் எண்ணினேன். அவர் சொன்ன விதிகள் அத்தனைக்கும் பொருந்தும்படி பாஸ்வேர்ட் பிறந்தது: ஆங்கில எழுத்தில் சொட்டை, பக்கத்தில் பதினேழு. சரியாக எட்டு.

ஆறாவது மாதம். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அடித்துவைத்ததும் நானேதான். அந்த வாரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது.

ஆவடியில் எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, யாரும் உள்ளே வரக் கூடாது என்றாகிவிட்டது. நான்காம் நாள் காலை தெருவில் சைக்கிள் மணி. எங்கள் ஆபீஸ் பியூன். எதிர்ச் சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, அங்கிருந்தே கத்தினார்.

"இன்னா சார், ஒடம்பு எப்டி கீது? லாரி லோடு ஏத்திகினு நிக்குது. பொட்டியத் தொறக்காம பில்லு அடிக்க முடியலயாம். மேனேஜர் பாஸ்வேர்டு கேட்டாரு."

எனக்கு இருந்த காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியது. ஜன்னலோரம் வந்து, "எழுதித் தரேண்ணே" என்றேன்.

"நீ தொட்ட காயிதத்த நா தொட மாட்டேன் நைனா. ஊட்ல சின்னப் பசங்க கீது. வாயால சொல்லு."

"அப்ப எழுத்து எழுத்தா சொல்றேன். எஸ்..."

"ஏபிசிடி எல்லாம் நமக்கு வராது. வார்த்தயா சொல்லு."

பொய்யாக ஒன்றைச் சொல்லி அனுப்பலாம். கம்ப்யூட்டர் திறக்காது, லாரி நகராது, வேலை அப்போதும் போகும். உண்மையைச் சொன்னாலும் போகும். லாரியாவது நகரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"சொட்டை!"

"இன்னாது?"

"சொட்டைண்ணே! சொட்டை பதினேழு!"

பின்னாலிருந்து அம்மா, "ஆத்தா வந்திருக்கற ஊட்ல இன்னாடா பேச்சு இது, சொட்டை கிட்டைன்னு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பியூன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எண்ணிக்கீறியா நைனா?"

"அண்ணே, மேனேஜர்கிட்ட கொஞ்சம் பக்குவமா..."

"இதுல இன்னா பக்குவம்? மறந்துடப் போறேன், வுடு." ஏறி மிதித்தார். மறக்காமலிருக்க "சொட்டை பதினேழு, சொட்டை பதினேழு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தெருமுனை திரும்பினார்.

அம்மை இறங்கி, மூன்று தண்ணீர் ஊற்றி முடித்து, நான் வேலைக்குத் திரும்பிய அன்று கேட்டிலேயே பியூன் மிச்சத்தைச் சொன்னார். "அம்பத்தூர் வரிக்கும் சொல்லிகினே வந்தேனா, ரூமுக்குள்ள பூந்தப்பவும் நிறுத்த வரல. மேனேஜரு காதுல வுழுந்துச்சு நைனா. தலையத் தடவினாரு. அப்பால அவுரே குந்தி அடிச்சாரு. மொத வாட்டி தொறக்கல. ரெண்டாவது வாட்டியும் தொறக்கல. மூணாவது வாட்டிதான் தொறந்துச்சு."

ஒரு மனிதர் தன்னையே மூன்று முறை சொட்டை என்று அடிக்க வேண்டியிருந்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

கடிதம் அதே இடத்தில், கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி, கன்னம், மூக்கு என்று பார்வை மெதுவாக இறங்கியது. பாவம் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அவர் உதடுகள் அசைவதைக் கவனித்தேன்.

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"பாஸ்வேர்டை மாத்தணும். போய் அடி. இங்கிலீஷ் எழுத்துல புள்ளி. அப்புறம் இருபத்தி மூணு."

"சார்..."

"யாராலயும் யூகிக்க முடியாது. நீயும் மறக்க மாட்டே."

அடுத்த நான்கு வருடம் தினமும் காலையில் அதை அடித்துத்தான் வேலையைத் தொடங்கினேன். பாஸ்வேர்ட் மாறிய அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று எண்ணிப் பார்த்தேன். தழும்பு இருபத்திரண்டுதான். மூக்கோர மச்சத்தையும் சேர்த்துவிட்டிருக்கிறார். கையில் நிரந்தரக் கடிதம் இருந்ததால், திருத்தச் சொல்லவில்லை.