இல்லாத ஏழு வேலி

நெதர்லாந்தில் ஒரு கோட்டைக்குள் நின்றுகொண்டு என் அப்பாவை இல்லை என்று ஆக்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். ஐந்தடி தூரத்தில் என் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் ஆள். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அவர் பொறுப்பு. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வரப்பில் நண்டு வளை இருக்கிறது, எந்த வயல் குடித்துவிட்டது, எது இன்னும் குடிக்கவில்லை என்பதெல்லாம் அவருக்குக் காலாலேயே தெரியும். அந்தக் காலால் சம்பாதித்ததில் நான் படித்தேன். கல்லூரியில் முப்பது வருடம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றேன். என் ஒரே மகள் நீரியல் படித்து நெதர்லாந்துக்கு வேலைக்குப் போனாள். திருப்பனந்தாள் பக்கத்துப் பையன் ஒருவரை அங்கேயே விரும்பி மணந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் தலைமுறை தலைமுறையாக நிலக்காரர்கள். அவர்கள் தெருவும் எங்கள் தெருவும் வேறு வேறு. அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருந்ததையே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டோம்.

போன வருடம் ஆகஸ்டில் நானும் சம்பந்தியும் ஒரே விமானத்தில் போனோம். என் மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. சம்பந்தியம்மாள் மூட்டுவலி என்று வரவில்லை. இரண்டு கிழவர்களையும் சும்மா வீட்டில் உட்கார வைக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை ஐந்து நாள் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். கிழக்குப் பக்கம், ஜெர்மன் எல்லைக்கு அருகே, ஒரு மாட்டுப் பண்ணையில் சின்ன வீடு. சுற்றிலும் காடு, புல்வெளி, பழைய கோட்டைகள்.

ஊர் தட்டையாக இருந்தது, நம் ஊரைப் போலவே. வாய்க்கால்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின. கரையில் சாம்பல் நிறக் கொக்கு ஒன்று நம் ஊர்க் கொக்கின் அதே பொறுமையோடு நின்றது. சம்பந்தி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு வாய்க்காலைக் குனிந்து பார்த்தார்.

“என்ன சம்பந்தி இது, நாம தண்ணி வரலைன்னு மேட்டூரைப் பாத்துக்கிட்டு நிக்கிறோம். இவனுங்க தண்ணி போகலைன்னு பம்பு வச்சு எறைக்கிறானுங்க.”

“மேற்குப் பக்கம் பூராவும் கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு மாமா” என்றாள் மகள்.

“கீழ இருக்கிறவன் நனையலை. மேல இருக்கிற நாம வருசா வருசம் மூழ்குறோம். நீ ஊருக்கு வாம்மா, உன்னை நம்ம வாய்க்காலுக்குக் காவல் போடுறேன்.”

அவள் சிரித்தாள். மாமனாரிடம் அவளுக்கு இருந்த சலுகையைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

மூன்றாம் நாள் பார்த்த கோட்டை அகழிக்கு நடுவே செங்கல்லில் நின்றது. பச்சைத் தண்ணீரில் அன்னங்கள். மரப்பாலம் தாண்டி உள்ளே போனால், கீழ்த்தளத்தில் சமையற்கட்டு, செப்புப் பாத்திரங்கள், வேலைக்காரர்களைக் கூப்பிட வரிசையாக மணிகள். மாடியில் ஒரு நீளமான கூடம், சுவர் முழுக்க அந்தக் குடும்பத்துப் பெரியவர்களின் ஓவியங்கள். எல்லோருக்கும் ஒரே மூக்கு.

“நாகப்பட்டினத்துல இருந்து அள்ளிக்கிட்டு வந்ததுல கட்டினதா இருக்கும்” என்றார் சம்பந்தி.

நான் வாத்தியார் பாணியில், டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்ததற்கும் இந்தக் கோட்டைக்கும் தொடர்பு இல்லை, இது அதற்கும் முந்தியது என்று விளக்கினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓவியம் ஒன்றின் முன்னால் நின்று, தன் பாட்டனார் படமும் வீட்டில் இப்படித்தான் பெரிய சட்டத்தில் இருக்கிறது, அவர் காலத்தில் இருபது வேலி இருந்தது என்றார். எங்கள் பக்கம் ஒரு வேலி என்பது ஆறு ஏக்கருக்கும் மேல். அவர் அதைப் பெருமைக்காகச் சொன்ன மாதிரிகூட இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நான் சொன்னேன்: “எங்களுக்கும் ஏழு வேலி இருந்துச்சு. உச்சவரம்புல போயிடுச்சு.”

எங்கள் மாவட்டத்தில் ஒருவன் சொல்லக்கூடிய பொய்களில் இதுவே பத்திரமானது. நில உச்சவரம்புச் சட்டத்தில் போய்விட்டது என்றால் பட்டாவைக் காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதோடு நான் நிறுத்தவில்லை. வயல்களின் பெயர்களைச் சொன்னேன். எது மேட்டுப்பங்கு, எது பள்ளம், எந்தக் கிளை வாய்க்கால் எங்கே பிரிகிறது, ஐப்பசி மழையில் முதலில் முழுகுவது எது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு தவறுகூட வரவில்லை. அவ்வளவும் அப்பா எனக்குச் சொன்னது. அவர் இன்னொருவருக்காகக் காத்த நிலத்தை, அவர் அறிவைக் கொண்டே, அந்த இன்னொருவரின் வாரிசுபோல நின்று விவரித்தேன்.

சம்பந்தி ஓவியத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தண்ணி பாய்ச்ச ஆள் வச்சிருந்தீங்களா?”

“ஒருத்தன் இருந்தான்” என்றேன். “நல்ல ஆள்.”

மகள் திரும்பிப் படி இறங்கிப் போய்விட்டாள். மாப்பிள்ளை அவசரமாகக் கைப்பேசியை எடுத்து ஜன்னலைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை மற்ற இருவரும் பால் வாங்கப் போயிருந்தபோது அவள் ரொட்டி அறுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏம்ப்பா?”

“என்ன ஏன்?”

“மாமாவுக்குத் தெரியும்ப்பா. கல்யாணப் பேச்சு எடுத்த அன்னைக்கே நான் சொல்லிட்டேன். எங்க தாத்தா பண்ணையாளு, தண்ணி பாய்ச்சுனவரு, அவராலதான் நான் இந்தப் படிப்பு படிச்சேன்னு. பேச்சை மாத்தாம உக்காந்து கேட்டாங்க.”

“தெரிஞ்சுக்கிட்டு ஏன் அப்படிக் கேட்டாரு? குத்தத்தானே?” என்றேன்.

“குத்துனாங்களோ, நீங்க சொல்லிடறதுக்கு ஒரு வழி விட்டாங்களோ, எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் நீங்க சொன்னது ஒண்ணுதான்.”

அறுத்த ரொட்டியைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். “தாத்தாவை ‘இருந்தான்’னு இதுவரைக்கும் பண்ணைக்காரங்க வாயாலதான் கேட்டிருக்கேன்” என்றாள்.

அன்று பகல் ஒரு திறந்த மேட்டுநிலத்தில் நடந்தோம். ஊதாப் பூ பூத்த குத்துச்செடிகள் கண்ணுக்கு எட்டிய வரை. மணல் பாதை. அவள் வேண்டுமென்றே மாமனாரோடு முன்னால் நடந்தாள், நான் மாப்பிள்ளையோடு பின்னால். எனக்குக் கேட்கும்படி அவள் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். முந்தின நாள் நான் அழித்ததைத் திரும்ப நிறுத்துகிறாள் என்று புரிந்தது. வாய்க்கால் உடைப்பு எடுத்த கதையைச் சொன்னாள். வெட்டிப் போட மண் கிடைக்காத இடம், பயிர் போய்விடும் என்ற நிலை, தாத்தா தானே உடைப்பில் குறுக்கே படுத்துத் தண்ணீரைத் தடுத்தார், உச்சிப்பொழுது வரை எழவில்லை, பண்ணைக்காரர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டுத் துண்டு போர்த்தினார். “அந்தக் கதையைச் சொல்லித்தான், மாமா, இங்க நேர்முகத் தேர்வுல எனக்கு வேலையே கிடைச்சுது.”

சம்பந்தி நின்றுவிட்டார். அவர் நிலக்காரர். ஆள் வைத்து வேலை வாங்கிய வீட்டில் பிறந்தவர். அந்த வீடுகளில் என்னென்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். நான் பக்கத்தில் வரும் வரை காத்திருந்தார். முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அவராவா படுத்தாரு சம்பந்தி?”

குரல் தாழ்ந்திருந்தது. இந்த முறை குத்தல் இல்லை. பயந்தவர் குரல் அது. மகளும் என்னைப் பார்த்தாள், நான் சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காக. அவள் அப்பா இன்றாவது தாத்தாவை ஒப்புக்கொள்வார் என்று.

“ஆமாங்க” என்றேன். “அவராத்தான்.”

சம்பந்தி மூச்சை விட்டார். என் தோளில் கை வைத்தார். மகளின் முகம் கொஞ்சம் இளகியது. ஊருக்குத் திரும்பும் வரை இருவரும் என்னிடம் அன்பாகவே இருந்தார்கள்.

மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னது நான்தான், அவள் மூன்றாம் வகுப்பு படிக்கையில். குழந்தைக்கு ஏற்றபடி திருத்திச் சொன்னேன். அப்புறம் திருத்தாத கதையைச் சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த மணல் பாதையில் வாய்த்தது.

நடந்தது இதுதான். கடைமடையில் நாற்று கருகிக்கொண்டிருந்த ஒரு சின்ன விவசாயிக்கு அப்பா பண்ணையைக் கேட்காமல் மடையைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டார். பண்ணைக்காரர் வந்தார். மண்ணை வெட்டிப் போட்டு அடைக்கக் கூடாது, திறந்தவனே படுத்து அடை என்றார். அப்பா படுத்தார். காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை படுத்திருந்தார். யாரும் கைகொடுக்கவில்லை, துண்டு போர்த்தவில்லை. நான் பள்ளிக்கூடப் பையோடு கரையில் நின்றேன். என்னைப் போகச் சொல்ல அவரால் கையை ஆட்ட முடியவில்லை. கையை எடுத்தால் அந்த இடுக்கில் தண்ணீர் பாயும். கண்ணால்தான் சொன்னார். நான் போனேன். அன்று பள்ளிக்கூடத்தில் பாடம் எல்லாம் ஒழுங்காகப் படித்தேன்.