முனீபின் கடைசி ஃபெரி

முனீப் தங்கமான மனிதர்தான், ஸ்டியரிங்கைப் பிடிக்கும்வரை. கிண்ணியாவில் அவருடைய சாமான் கடைக்கு ஆணி வாங்க வருகிறவரைக்கூட உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் கேட்டுத்தான் அனுப்புவார். அதே மனிதர் குடும்பத்தை வேனில் ஏற்றிவிட்டாரென்றால் போச்சு! தண்ணீர் குடிக்கக்கூடாது, குடித்தால் இறங்கவேண்டிவரும். கச்சான் கடலை வாங்க நிற்கக்கூடாது. வாந்தி வந்தால் பைக்குள் எடுக்கவேண்டும்.

இந்தப் பேய் ஊருக்குத் திரும்பும்போதுதான் பிடிக்கிறது என்பதை அவர் மனைவி பஸ்மியா கவனித்து வைத்திருந்தாள். போகும்போது ஆடி அசைந்துதான் போவார். திரும்பும்போது மட்டும் ஏன்? கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். மழை வருமாம். டயர் சரியில்லையாம். ரோட்டில் யானை இறங்குமாம். வெயில் கொளுத்துகிற நாளிலும் மழை வருமாம்! எனக்கு மறைத்து இந்த மனிசன் ஊரில் என்னத்தை வைத்திருக்கிறார் என்றுகூட ஒருமுறை யோசித்திருக்கிறாள். ஒன்றும் அகப்படவில்லை.

அன்று கண்டியில் ஒரு கலியாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில்தான் கந்தளாய். அங்கே பஸ்மியாவின் தங்கை அம்ரா, புருசனோடு கத்தாருக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்தாள். பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு விமான நிலையத்துக்கு வேன் வரும். போனால் இனி எப்போது காண்பதோ, அல்லாஹ்தான் அறிவான்.

"கந்தளாயில கொஞ்சம் நிப்பாட்டுங்க, அம்ராவைப் பாத்திட்டுப் போவம்," என்று தம்புள்ளையில் சொன்னாள்.

"பாப்பம்," என்றார் முனீப்.

ஹபரணை வந்துவிட்டதாக அம்ராவுக்கு ஃபோனில் சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டாள்.

"பாப்பம் எண்டு சொன்னனான்தானே."

கந்தளாய் வந்தது. சந்தியில் சனம். முனீப் ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி ஒரே போக்காகப் போனார். "பஸ்மியா, நேரம் போகுது. ஃபோனில கதையுங்களன்."

பஸ்மியா கோபத்தில் ஃபோனைப் பைக்குள் எறிந்தாள்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் முனீப் வழமைபோல வேகத்தைக் குறைத்து, பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ், பிடிச்சிட்டம்."

பின்னாலிருந்த மகள் றுஷ்தா கேட்டாள்: "என்னத்தை வாப்பா பிடிச்சிட்டம்?"

"கடைசி ஃபெரியை."

சொன்ன வாய் அப்படியே நின்றது.

பாலம் இல்லாத காலத்தில், இளந்தாரி முனீப் மீன் லொறி ஓட்டியவர். வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெரி பொழுதுபட்டால் நின்றுவிடும். தப்பவிட்டால் லொறிக்குள்ளேயே சுருண்டு கிடந்து, கண்ணுக்கு முன்னால் தெரிகிற சொந்த ஊரை விடியவிடியப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பிறகு பாலம் வந்தது. லொறியை விற்றார், கலியாணம் முடித்தார், மகளும் வளர்ந்துவிட்டாள். அவருடைய வலது கால் மட்டும் இன்னும் அந்த ஃபெரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பஸ்மியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருசமாகத் தேடின காரணம் இதுதானா?

"பாலத்துக்கு மேல நிண்டுகொண்டு ஃபெரியைப் பிடிச்சிட்டம் எண்டுறீங்களே! இந்த ஃபெரிக்காகவா என்ர தங்கச்சியை விட்டிட்டு வந்தனீங்க?"

பாலம் முடிந்த இடத்தில் முனீப் வேனைக் கந்தளாய்ப் பக்கம் திருப்பினார்.

கந்தளாயில் அம்ரா வீட்டு வாசலில் பெட்டிகளை விமான நிலைய வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்ரா ஓடிவந்து ராத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு முனீபைப் பார்த்தாள்.

"மச்சான் நிப்பாட்டமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். அதான் சந்தியில வந்து நிண்டனான், ராத்தாட முகத்தையாவது பாப்பமெண்டு. கையும் காட்டினனான். நீங்க ஹோர்ன் அடிச்சிட்டுப் போனீங்க."

முனீபின் முகம் செத்துப்போனது. வாசலில் கிடந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அம்ரா, ஒரு தேத்தண்ணி ஊத்துங்க," என்றார். "குடிச்சிட்டு, எல்லாரும் அவசரமில்லாம, ஆறுதலா இருந்து கதைப்பம்."

வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்தான். அம்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு நேரம் போகுது, மச்சான்," என்றாள்.