பெருமாள் குத்தா, செல்லப்பா குத்தா

காலையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் வீட்டுக்காரர் செல்போனில் மூழ்கியிருந்தார். அந்தக் காலத்துக் குத்துச்சண்டைச் சாம்பியன்கள் இரண்டு பேரை அருகருகே நிறுத்தி, யாருடைய குத்துக்கு பலம் அதிகம் என்று கோடு போட்டுக் காட்டுகிற வீடியோ. சிவப்புக் கோடு ஏறுகிறது, பிறகு நீலக் கோடு ஏறுகிறது. "இங்க வந்து பாரேன், ஜல்தி" என்று கூப்பிட்டார். கடுகு கருகிவிடும் என்று சொல்லி நான் போகவில்லை. எங்கள் வீட்டில் இதை அளக்கக் கோடெல்லாம் தேவைப்பட்டதில்லை, அப்பா இருந்தார்.

ஆரணியில் குத்துச்சண்டையா என்று கேட்பீர்கள். புடவை எடுக்க வந்துபோகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு காலத்தில் ஆடி மாதம் பொருட்காட்சி போடுவார்கள். மரணக் கிணற்றுக்கும் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே கயிறு கட்டி மேடை இருக்கும். சாம்பியன்கள் இரண்டு பேர். எங்கள் ஊர் பட்டாளத்துச் செல்லப்பா, போளூர் லாரி பெருமாள். இருவரும் ஒரு தடவைகூட மோதிக்கொண்டதில்லை. நோட்டீஸ் அடித்து ஒட்டியாகிவிடும், செல்லப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அடுத்த வருஷம் பெருமாளுக்கு மச்சினி கல்யாணம் வந்துவிடும். அதனால் யார் குத்து பெரிது என்கிற வழக்கு தீராமலே கிடந்தது. இருவரிடமும் குத்து வாங்கியவர் ஒருத்தர்தான் இருந்தார். ஓர் ஆடியில் பெருமாள் குத்தி இடது தாடை உடைந்தது, மறு ஆடியில் செல்லப்பா குத்தி வலது காது போனது. அவர்தான் என் அப்பா.

தோற்றவருக்கு எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு குடங்கள். "செல்லப்பா குடத்துல மொண்டு குடி, பெருமாள் குடம் உப்புத் தண்ணி" என்று அம்மா சொல்வது எனக்கு விசித்திரமாகப் பட்டதே இல்லை. எல்லார் வீட்டுக் குடத்துக்கும் பெயர் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா விசைத்தறி ஷெட்டில் வேலை பார்த்தார். ஒரு காது போனதில் தனக்குத் தறிச் சத்தம் பாதிதான் என்று பெருமைப்படுவார். தாடைதான் கோணலாகக் கூடிவிட்டது, முறுக்கை டீயில் ஊறவைத்துத்தான் தின்பார்.

டீ என்றதும் எனக்குப் பஸ் ஸ்டாண்டு நினைவுக்கு வந்துவிடும். அதற்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில்தான் என் முதல் வேலை. ரிசீவரில் பீடி, வெற்றிலை, தேங்காயெண்ணெய் என்று ஊரின் வாய் நாற்றம் முழுக்க இருக்கும். வாசனைக்கு என்று பார்த்தால், எதிர் டீக்கடையின் பஜ்ஜி எண்ணெய்தான். ஷிப்டு முடிந்து அப்பா அங்கேதான் வருவார். போளூர் பஸ் டிரைவர், கண்டக்டர்கள் எல்லாம் பெருமாள் கட்சி. உள்ளூர்க்காரர்கள் செல்லப்பா கட்சி. அப்பாவை நடுவில் நிறுத்திக்கொண்டு கோர்ட்டு நடத்துவார்கள்.

"தாடைன்றது எலும்புய்யா. எலும்ப ஒடைக்கறதுன்னா சும்மாவா?"

"எலும்பு கூடிக்கும். போன காது திரும்பி வருமா?"

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். வாதம் முற்றியதும் யாராவது ஒருத்தர் சொல்வார், "அண்ணா, பெருமாள் அடிய ஒருவாட்டி வுழுந்து காட்டு." அப்பா டம்ளரை வைப்பார். துண்டை மடித்து பெஞ்சில் போடுவார். பிறகு விழுவார். பெருமாள் அடி என்றால் கம்பம்போல விறைத்து அப்படியே பின்னால் சாய்வார். செல்லப்பா அடிக்கு ஒரு சுற்றுச் சுற்றி, முழங்கால் மடங்கி, உட்கார்ந்த வாக்கில் ஒருக்களித்துச் சரிவார். பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் வழியே கை தட்டுவார்கள். எழுந்ததும் ஒரு டீ, ஒரு பஜ்ஜி. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட அப்பாமேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அதை அவ்வளவு அழகாக ஏன் செய்ய வேண்டும்?

எனக்கு வந்த வரன்கள் இரண்டு இதனாலேயே நின்றுபோயின. பஸ் ஸ்டாண்டில் விழுகிற ஆளின் மகளை யார் கட்டுவார்கள்? மூன்றாவதாகப் போளூரிலிருந்து ஒரு வரன் வந்தபோது அம்மா காலையிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "வந்தவங்களுக்குக் கும்புடு போட்டுட்டு கம்முனு குந்து. வுழுந்து கிழுந்து வெச்சின்னா நான் செத்துடுவேன்." அப்பா தலையாட்டினார். புதுச் சட்டையில் நல்ல பிள்ளையாக மூலையில் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் பெரிய மாமா படியேறி வரும்போதே அடையாளம் கண்டுகொண்டார். அவர் போளூர் பஸ் கண்டக்டர். "அடடே, நம்ம ஆளு வூடா இது" என்று சந்தோஷப்பட்டார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. நான் பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

"சம்பந்தி, பெருமாள் அடி ஒண்ணு வுழுங்களேன். பையன் பாத்ததே இல்ல."

அப்பா முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்த வரனும் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். சிமெண்டுத் தரையில் விழுந்தார். மாமா கை தட்டினார். "அப்ப செல்லப்பா அடியையும் பாத்துடுவோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அப்பா அதையும் விழுந்தார். மாமாவுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"பெருமாள் அடில ஏதோ கொறையுதுங்க. முன்னல்லாம் தலை போய் டம்முனு படும்."

அப்பா மறுபடி எழுந்து நின்று, இந்தத் தடவை தலையைத் தாங்காமல் விட்டார். டம்மென்றுதான் பட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் வாயில் பஜ்ஜியோடு சிரித்தார். பெண் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அப்பாவின் பின்மண்டையில் தைலம் தேய்த்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக ஊர் கேட்டதை நான் கேட்டதே இல்லை. அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்து கேட்டேன். "நெஜமா சொல்லுப்பா, யாரு குத்து பெருசு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? ரெண்டு வாட்டியும் கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி ஃபேனு சுத்திகினு இருந்தது. குத்து வந்ததே எனக்குத் தெரியாது."

"அப்ப வுழுந்து காட்டறது?"

"டீக்கடைல சொல்லிக் குடுத்தாங்க. இதுக்கு இப்படிச் சாஞ்ச, அதுக்கு அப்படி சுத்துனன்னு. செஞ்சி செஞ்சி நல்லா வந்துடுச்சி." கோணல் தாடையோடு சிரித்தார்.

நான் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். தலை தீபாவளிக்கு எங்களை அழைக்கப் போளூர் வந்தபோதும் அப்பா விழுந்தார்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. பொருட்காட்சியில் மேடை போடுவதை நிறுத்தினார்கள். பெருமாள் செத்தார். செல்லப்பா சர்க்கரையில் கால் போய்க் கிடந்து செத்தார். பூத்தை எடுத்துவிட்டு ரீசார்ஜ் கடை வைத்தார்கள், இப்போது அதுவும் இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் நகைக் கடன் கொடுக்கிறார்கள். கடைசியாக அப்பாவும் போனார்.

வாய்க்கட்டுப் போட வந்த பங்காளியால் கட்ட முடியவில்லை. கோணல் தாடை ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்தது. பெரிய மாமா குனிந்து பார்த்தார். "பாத்தியா, செத்தும் நிக்கல. பெருமாள் குத்துன்னா குத்துதான்" என்றார். மாலையோடு நின்றிருந்த பழைய டீக்கடைக்காரர், "காதுக்கு இன்னா சொல்ற?" என்று கேட்டார். சாவு வீடு என்பதால் இருவரும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

பங்காளி கையிலிருந்த துணியை நான் வாங்கினேன். அது போதவில்லை. என் பழைய புடவை ஒன்றை அகலமாகக் கிழித்து, தாடையையும் இரண்டு காதுகளையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"மூஞ்சி தெரியற மாதிரி கட்டும்மா, ஜனங்க வந்துகினு இருக்காங்க" என்றார் மாமா.

நான் அவிழ்க்கவில்லை. அப்படியேதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.