போன் அக்காவும் பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரியும்

வெளியுறவு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு உத்தியோகம். மேஜை மேல் ஒரு போன், ஒரு கணினி, அவ்வளவுதான். அலுவலகம் முழுக்க அவளைப் ‘போன் அக்கா’ என்றே கூப்பிடும்.

நாடுகள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆஸ்பத்திரி, குடிநீர், மின்சாரம் இவற்றின் கணினிகளில் யாரும் கை வைக்கக் கூடாது. தன் மண்ணிலிருந்து அடுத்தவனைத் தாக்க எவனையும் விடவும் கூடாது. மீறி நடந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்ல, நாட்டுக்கு ஓர் ஆள், ஓர் எண். பெரிய மனிதர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். காவலுக்கு இவள் உட்கார்ந்தாள்.

இவளோ பயந்தாங்கொள்ளி. அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தனியாக வளர்த்தவள். அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அவன் இப்போது கணினிகளை அடுக்கி வைத்து, எங்கெங்கோ இருப்பவர்களுக்கு இணையம் வழியாக வாடகைக்கு விடுகிறான்.

“யாருக்குடா விடுறே? விசாரிச்சியா?”

“லாட்ஜ்காரன் ரூம் குடுக்கறப்ப பூர்வீகமா விசாரிக்கிறான்? போக்கா!”

அன்று மதியம் போன் அடித்தது. எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்கும் பக்கத்து நாட்டின் ஆள். ஒத்திகை அழைப்புகளில் மட்டுமே கேட்டுப் பழகிய வயதான குரல்.

“ஒத்திகையா சார்?”

“இல்லம்மா, நிஜம். எங்க குழந்தைங்க ஆஸ்பத்திரி. கணினியெல்லாம் ஒவ்வொண்ணா முடங்குது. வார்டு வார்டா பரவுது. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்துன்னு பாக்க முடியல. உங்க நாட்டுலேருந்துதான் வருது. சீக்கிரம் நிறுத்துங்கம்மா.”

அவர் குரல் நடுங்கியது. தாக்குதல் எங்கிருந்து வருகிறது என்று அவர் சொன்ன இணைய எண்ணைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பொறியாளர் மூச்சிரைக்க வந்தார்.

“இடம் கிடைச்சிடுச்சுக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி.”

அந்த மாடி தம்பியுடையது.

விஷயத்தை அலுவலக இயக்குநரிடம் கொண்டுபோனாள். அவர் தயங்கக்கூட இல்லை. “போன வருஷம் நம்ம வங்கி முடங்கினப்ப அவங்க போனை எடுத்தாங்களா? ‘பரிசீலிக்கிறோம்’னு ஒரு வரி தட்டி விடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

உள்ளதைச் சொன்னால் என்ன, அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளைக்குள் தம்பி தடயம் எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். அறைக்கு வந்து கைபேசியில் அவன் எண்ணைத் தேடினாள். அதற்குள் மேஜைப் போன் மறுபடி அடித்தது.

“நிறுத்தச் சொல்லிட்டீங்களாம்மா?” அதே குரல். பின்னால் யாரோ ஓடுகிற சத்தம். ஒரு பெண் கத்தி அழுகிற சத்தம்.

“இதோ சார்,” என்றாள். கைபேசியை மேஜையிலேயே போட்டுவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

“சார், அது என் தம்பியோட இடம்.”

இயக்குநர் முகம் வெளுத்துவிட்டது. மடியில் கனமில்லாத வரைதானே அவருக்கு வீரம்! தன்கீழ் வேலை பார்ப்பவளின் தம்பி என்று தெரிந்தும் ஒரு நாள் தள்ளிப்போட்டார் என்று நாளைக்கு எவனாவது கிளப்பினால், நாற்காலி போய்விடும். இது தெரிந்துதான் அவள் சொன்னாள்.

“இதை ஏம்மா எங்கிட்ட சொன்னீங்க?” என்று புலம்பிக்கொண்டே போலீசைக் கூப்பிட்டார்.

அவள் அறைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். கைபேசி அடித்தது.

“அக்கா, போலீஸ் வந்து கதவை இடிக்கிறாங்க. ஏதோ ஆஸ்பத்திரிங்கறாங்க, எனக்கு ஒண்ணுமே புரியல. பயமா இருக்குக்கா. உன் ஆபீஸ்ல பெரிய ஆளுங்க இருக்காங்கல்ல, யார்கிட்டயாவது பேசேன்.”

“நான்தான்டா அவங்களை வரவெச்சேன். உன் மிஷினை எவனோ வாடகைக்கு எடுத்துக்கிட்டுக் குழந்தைங்க ஆஸ்பத்திரியை நாசம் பண்றான். எதையும் அழிக்காதே. லைனை மட்டும் பிடுங்கிட்டு, கதவைத் திற.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். கதவு இடிபடும் சத்தம்தான் கேட்டது.

“பிடுங்கிட்டேன்,” என்றான் கடைசியில். “கதவைத் திறக்கப் போறேன். நீ வந்துடுவேல்லக்கா?”

பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. பையைத் தேடி எடுத்தபோது மேஜைப் போன் அடித்தது.

“நின்னுடுச்சும்மா! பரவறது நின்னுடுச்சு!” கிழவர் அழுதேவிட்டார். “உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

போனை வைத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.