துரை கற்றுக் கொடுத்த பிடி

அந்த அயர்லாந்துக்காரரால் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. எழுபதுகளில், உத்திரமேரூர்ப் பக்கம் மழை இல்லாமல் போன ஒரு வருஷம், போர் போடுகிற வண்டியோடு இன்ஜினீயராக வந்து இறங்கினார். நான் பி.யூ.சி. வரை படித்தவன் என்பதால் அவருக்குத் தமிழையும் ஊருக்கு இங்கிலீஷையும் எடுத்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் ‘தொர’.

அவருடைய இடது காது, மாவைப் பிசைந்து ஒட்டியது போல மடங்கிக் கிடக்கும். அது ஏன் அப்படி என்று எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். ரக்பி என்று ஓர் ஆட்டம், பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுகிற ஆட்டம், அதில் இவர் தம் நாட்டுக்காகவே ஆடியவர், காது அதில் போனது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. அதற்குச் சம்பளம் கிடையாதாம். சனிக்கிழமை நாட்டுக்காக ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவார்களாம். டீக்கடையில் ஒருவரும் நம்பவில்லை.

“நாட்டுக்கு ஆடுனவருக்கு அங்க ஒரு கவர்மெண்ட் வேலை கூடவா குடுக்கல? இங்க வந்து போர் போட்டுக்கினு கீறாரு,” என்றார் கடைக்காரர். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்போது எங்கள் ஊர் சடுகுடு செட்டுக்கு நான் கேப்டன். காணும் பொங்கலன்று தென்னேரிக்காரர்களோடு ஆடுவோம். மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். தோல்வியைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர்கள் பக்கம் பாடி வருகிற ஆள் என் அக்கா புருஷன். ஜெயித்த மறுநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, இலை முன்னால் உட்கார்ந்து, என் மானத்தை வாங்கிக்கொண்டே சாப்பிடுவார். அந்த வருஷம் அவரைப் பிடிக்காவிட்டால் செட்டையே கலைத்துவிடுவதாக எல்லோர் எதிரிலும் சொல்லித் தொலைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம், வற்றிப்போன ஏரிக்குள் நாங்கள் ஆடுவதைத் துரை பார்த்தார். பிடி சரியில்லை, நான் கற்றுத் தருகிறேன் என்றார். மறுநாளே உரிக்காத தேங்காய் போன்ற அவருடைய பந்தோடு வந்து, முதலில் தம் ஆட்டத்தை ஆடச் சொன்னார். பிடிபட்டவன் ஒவ்வொருவனும் பந்தை மரியாதையாகக் கீழே வைத்துவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு, ஓரத்தில் போய் உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் ஏரிக்குள் பந்தும் துரையும்தான் மிச்சம்.

“இவர்களுக்கு என்ன ஆயிற்று?” என்று என்னைக் கேட்டார்.

“அவுட் சார்,” என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு பிடியைக் கற்றுக் கொடுத்தார். குனிந்து ஓடி, தொடையில் தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் கட்டி விழ வேண்டும். விழுந்ததும் விட்டுவிட வேண்டும். இந்த விடுவதில்தான் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். ‘தண்ணீர்’ என்ற சொல்லுக்கு முன்னாலேயே அவர் கற்றுக்கொண்ட தமிழ் ‘விடு’. சடுகுடுவில் மூச்சு அறுகிற வரை விடக்கூடாது சார், அவன் கை நடுக்கோட்டைத் தொட்டால் பிடித்தவர்கள் எல்லாம் அவுட் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தலையை ஆட்டுவார். அடுத்த நிமிஷம் “விடு!” என்று கத்துவார். சலித்துப்போய் நானும் அவரோடு சேர்ந்து கத்தத் தொடங்கினேன். ஒரு மாதம் இப்படியே போனது.

காணும் பொங்கலன்று தென்னேரியில் மாமா பாடிக்கொண்டு உள்ளே வந்தார். நான் குனிந்து ஓடி அவர் தொடையில் தோளைக் கொடுத்தேன். மற்ற இருவர் இடுப்பில் விழுந்தார்கள். மாமா மல்லாந்தார். மூன்று வருஷத்தில் யாரும் செய்யாததைச் செய்துவிட்டோம். கூட்டம் எழுந்து நின்றது.

உடனே என் இரண்டு கைகளும் தாமாகத் திறந்துகொண்டன. மற்ற இருவரும் விட்டுவிட்டார்கள். மாமா ஒரு கணம் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். பிறகு பாட்டை விடாமல் சாவகாசமாகக் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டார். மூன்று பேர் அவுட். அதன் பிறகு நாங்கள் எழுந்திருக்கவே இல்லை.

“இன்னா மச்சான், பாவம்னு வுட்டுட்டியா? நாளைக்கு வரேன், அத்தையாண்ட வடைக்கு ஊறப்போடச் சொல்லு,” என்றார்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த துரையின் ஜீப்பில்தான் திரும்பினோம்; ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “விடு விடு என்று ஏன் எங்கள் உயிரை எடுத்தீர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டேவிட்டேன்.

அவர் ஜீப்பை ஓரங்கட்டினார். மடங்கின காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். நாட்டுக்காக ஆடின கடைசி ஆட்டம். முடிய ஒரு நிமிஷம், ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தார்கள். எதிராளியை இவர் சாய்த்தார். விட்டால் எழுந்து ஓடிவிடுவானோ என்று பயந்து, பிடியை விடவில்லை. விசில் ஊதினார்கள். அந்தத் தவறுக்குத் தண்டனையாகக் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைக்கக் கிடைத்த வாய்ப்பில் எதிர்ப்பக்கம் ஜெயித்தது. அப்புறம் அவரை யாரும் ஆடக் கூப்பிடவில்லை.

“இன்னா சொல்றாரு?” என்றான் பின்னால் இருந்த எண்ணெய்ச் செக்குக்காரன், என்னோடு அவுட் ஆனவர்களில் ஒருவன். சொன்னேன்.

பிறகு அவன் சொன்னான்: “அந்தப் புடிய நம்மூர்ல போட்டிருந்தா தோள்ல தூக்கிக்கினு போயிருப்போமேன்னு சொல்லு அவராண்ட.”

இதையும் மொழிபெயர்த்தேன். துரை சிரிக்கவில்லை. “நிஜமாகவா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாமா இலை முன்னால் உட்கார்ந்த நேரத்துக்கு நான் வீட்டில் இல்லை. ஏரிக்குள் இருந்தேன். துரை என்னைப் பாடி வரச் சொன்னார். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். தொடையில் தோளைக் கொடுத்து, என்னை மண்ணில் போட்டு, இரண்டு கையாலும் கட்டினார். என் மூச்சு அறுந்தது. “அவுட் சார், அவுட், விடுங்க,” என்றேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களும் “வுடுங்க தொர” என்று கத்தினார்கள்.

அவர் விடவில்லை.