கொலுவுக்கென்று வாங்கிய ரயில்

என் கணவர் ஒரு பொம்மை ரயிலின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முதலில் கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்துக்கொள்வார். அந்த எச்சில் விரலால் எஞ்சினின் அடிப்பக்கத்தைத் தேய்ப்பார். சாயம் விரலில் ஒட்டினால் பிற்பாடு யாரோ பூசிய பெயிண்ட். ஒட்டாவிட்டால் கம்பெனியில் பூசியது. ஸ்ரீரங்கத்தில், தண்ணீரைக்கூடத் தூக்கிக் குடிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்த முதல் மாதம் இதைப் பார்த்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. அவரும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான். சாதம் தொட்ட கையோடு மோர்ப் பாத்திரத்தைத் தொட்டுவிட்டால் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். தகர ரயிலுக்கு மட்டும் அந்த ஆசாரம் கிடையாது.

அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அறுபதுகளின் தொடக்கம் அது. பொன்மலைப் பக்கம் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. யார் எப்போது கிளம்புகிறார்கள் என்பது ஆபீஸிலேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் இவர் நிற்பார். மற்றவர்கள் பியானோவுக்கும் பீங்கானுக்கும் அலைந்தபோது இவர் பொம்மை ரயில் இருக்கிறதா என்று கேட்பார். ஒரு பழைய இங்கிலீஷ் காட்டலாக்கை வைத்துக்கொண்டு தானாகவே எல்லாம் கற்றுக்கொண்டிருந்தார். பெட்டியை இணைக்கும் கொக்கியின் வளைவைப் பார்த்து யுத்தத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிடுவார். சக்கரத்தில் மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். அட்டைப் பெட்டி மூடியோடு இருந்தால் அவர் கண் ஒரு மாதிரி மினுங்கும், ஏனென்றால் பாதி விலை அந்த அட்டைக்குத்தான். மதராஸில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்காரர் இதையெல்லாம் வாங்கி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விற்பார்.

வித்தையைக் குறை சொல்ல மாட்டேன். நிஜமாகவே அவருக்கு அது தெரிந்திருந்தது. எனக்குப் பிடிக்காதது அடுத்து நடப்பது. நல்ல சாமான் என்று தெரிந்த அடுத்த நிமிஷம் முகத்தைச் சுளித்துக்கொள்வார். "துருதாங்க மிச்சம். பேரீச்சம்பழக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்பார். வீட்டைக் காலி செய்து, திரைச்சீலையைக்கூடக் கழற்றிவிட்டு நிற்கிறவர்களிடம் இப்படிப் பேச எந்த வாய்க்கும் கூசும். அவர் வாய்க்குக் கூசவில்லை.

அப்புறம் இன்னொரு யுக்தியைக் கண்டுபிடித்தார். அந்த யுக்தி நான்.

"நீ கூட வந்து கொலுவுக்கு வேணும்னு சொன்னாப் போறும். மடிசாரைப் பாத்தா எவனுக்கும் சந்தேகம் வராது" என்றார். வர மாட்டேன் என்றேன். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டேன். என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை.

அது ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவருடைய வீடு. மனைவி காலமாகி இரண்டு வருஷமாகியிருந்தது. மகன் சீமையில். ஐப்பசியில் டிரைவருக்கும் கப்பல். கரி அள்ளிப் போடுகிறவர்களிடம் கற்ற தமிழ் என்பதால் கலெக்டராக இருந்தாலும் "நீ" என்றுதான் பேசுவார். கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். மூடி இருந்தது. உள்ளே பச்சை எஞ்சின், கரி வண்டி, மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். சாவி கொடுத்து ஓடுகிற ரகம். அவருக்கு ஏழு வயதில் அவர் அப்பா வாங்கிக் கொடுத்தது.

"சாவியத்தான் காணோம். தேடிட்டிருக்கேன்" என்றார்.

என் கணவரின் கட்டைவிரல் நாக்குக்குப் போனது. தேய்த்தார். ஒட்டவில்லை. முகத்தைச் சுளித்தார். எனக்கு ஜாடை காட்டினார்.

"கொலுவுல வைக்கணும்னு ஆசை" என்றேன்.

"கொலுவா? படி படியா பொம்மை வெப்பாங்களே, அதுவா? எங்க ஃபயர்மேன் வீட்ல பாத்திருக்கேன்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப காசு வேணாம். விக்கிறதா இருந்தா எப்பவோ வித்திருப்பேன். கப்பல்ல இதுக்கு எடம் இல்ல. வருஷா வருஷம் யாராச்சும் வெளிய எடுத்து வெச்சுப் பாத்தாப் போதும். நீ எடுத்துக்கம்மா."

கொலு என்ற சொல் வாயில் வந்துவிட்டால் அதன் பின்னாலேயே அழைப்பும் வந்துவிடும். எங்கள் ஊர்ப் பெண்கள் யாராலும் அதை நிறுத்த முடியாது. "கொலுவுக்கு அவசியம் வரணும். ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி, பச்சை கேட் வீடு" என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர், காவிரிப் பாலம் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "விலாசம் எதுக்குடி சொன்னே?" என்றார்.

மறு வாரமே ரயிலை மதராஸ் கடைக்குப் பார்சலில் போட ஏற்பாடு செய்தார். "ஏன்னா, கொலு முடியட்டுமே" என்று கெஞ்சினேன். "வாங்கறவன் அதுக்குள்ள ஊருக்குக் கிளம்பிடுவான். அந்தச் சட்டைக்காரர் இங்க எங்கே வரப் போறார்?" என்றார். ஆங்கிலோ இந்தியர்களை அப்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் முன்ஜாக்கிரதையாக, மெயின் கார்டு கேட் பக்கத்துக் கடையில் எட்டணாவுக்கு ஒரு பச்சைத் தகர ரயிலை வாங்கி வந்து இரண்டாம் படியில் வைத்தார். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அது பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் அந்த டிரைவர் வந்தார். இரண்டு பஸ் மாறி, அந்தப் புழுக்கத்தில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, விசாரித்து விசாரித்து வந்திருந்தார். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டார். கூடத்துக்கு வந்ததும் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்னச் சாவி.

"தையல் மெஷின் டிராயர்ல கெடந்துச்சு. இனிமே உன் கொலுல ரயில் ஓடும்" என்றார்.

கொலுவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து எஞ்சினைக் கையில் எடுத்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பினார். சாவி போடுகிற துவாரத்தை விரலால் தடவித் தேடினார். எட்டணா ரயிலுக்குத் துவாரம் ஏது?

"அது ரிப்பேருக்குப் போயிருக்கு சார்" என்றார் என் கணவர், கொஞ்சமும் தடுமாறாமல்.

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். கொலு என்று சொன்னது நான்தானே.

"வித்துட்டோம்" என்றேன்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தகர எஞ்சினை எடுத்த இடத்திலேயே ஜாக்கிரதையாக வைத்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "வாங்கினவங்க வீட்ல கொழந்தை இருக்கா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சாவியை என் கையில் வைத்தார்.

"இதை அவங்களுக்கு அனுப்பிடும்மா. சாவி இல்லாம அது ஓடாது."

கொலுவுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. சுண்டலும் தேங்காயும் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் என் கணவர் என் உள்ளங்கையிலிருந்து சாவியை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் நனைத்து, தேய்த்து, லென்ஸில் பார்த்தார்.

"அதே கம்பெனி சாவிடி!" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாந்தி வருகிறது.

சாவி ரிஜிஸ்தர் தபாலில் மதராஸுக்குப் போனது. தனியாக அதற்கு ஒரு விலை மணியார்டரில் வந்தது. "உன் சாமர்த்தியத்துக்குத்தான்" என்று சொல்லி எனக்கு ஒரு சின்னாளப்பட்டுப் புடவை வாங்கி வந்தார், பச்சை நிறத்தில். அதை நான் தொடவே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அடுத்த வருஷக் கொலுவுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாரும் எனக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள்.